நாடு நீங்கியும்

குற்றாலலிங்கத்தின் தமிழில் அதுவரை யாரும் பிழை கண்டுபிடித்தது கிடையாது. தென்காசிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் சர்க்கார் பெண் பள்ளிக்கூடத்துத் தமிழ் முன்ஷி என்றால் சாலைக் கடைத்தெருவில் நாலு பேர் கும்பிடுகிற அளவுக்குப் பெயர் எடுத்துவிட்டார். வேலை என்னவோ தற்காலிகம்தான். நிரந்தர உத்தரவுக்குக் காத்திருந்தார். மனைவி மங்கலத்துக்கு ஏழு மாதம். உத்தரவு வந்துவிட்டால் பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாம். வராவிட்டால் அவளை அவள் அண்ணன்மார் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்த அண்ணன்மார் வாயில் விழுவதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்காது.

அந்த வருஷம் மகாராஜா வடதேச யாத்திரை போய் நாற்பது நாள் கழித்து ஊர் திரும்பினார். ஊரில் உள்ள சங்கமெல்லாம் வரவேற்புப் பத்திரம் வாசிக்கக் கிளம்பிவிட்டது. சாலைத் தமிழ் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? சங்கத் தலைவர் திரவியம் பிள்ளை நேரே குற்றாலலிங்கத்தின் வீட்டுக்கு வந்து, "நம்ம பத்திரம் கேட்டு மத்தவனெல்லாம் வாயடைச்சுப் போகணும். நீங்கதான் எழுதணும்" என்றார். குற்றாலலிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். அதில் நாலாவது வரியை மட்டும் மங்கலத்திடம் மூன்று தடவை படித்துக் காட்டினார்.

"நாடு நீங்கியும் எம் நெஞ்சம் நீங்காத பொன்னுதம்புரானே!"

வரி நல்ல வரிதான், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மோனை இருக்கிறது, பொருள் இருக்கிறது, படித்தால் காதுக்கு இதமாக இருக்கிறது. தென்காசியில் எழுதியிருந்தால் சால்வை போர்த்தியிருப்பார்கள். எழுதியது திருவனந்தபுரத்தில். அங்கேதான் வந்தது வம்பு.

ராஜா திரும்பி வந்ததற்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்த நாள். காலை எட்டு மணி இருக்கும். பிரஸ்ஸில் எழுத்துக் கோக்கிற சுவாமிதாஸ் வாசலில் வந்து நின்றான். விளவங்கோட்டுப் பக்கத்துக்காரன், கிறிஸ்தவன், நாற்பது வயது, ஐந்து பிள்ளைகள். ஓடி வந்திருக்கிறான், மூச்சு வாங்கியது. விரல்களில் மை காயவில்லை.

"சாரே, அந்த நாலாவது வரி… நாடுன்னு தொடங்குமில்லியா…"

"ஆமா, நாடு நீங்கியும். அதுக்கென்னவே? ஒற்று கிற்று விட்டுப்போச்சோ?"

சுவாமிதாஸ் பதறிப்போய்த் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். "சத்தமாச் சொல்லாதீங்க! உள்ள வாங்க." என்று சொல்லிவிட்டு, வீட்டுக்காரரைத் தள்ளாத குறையாக அவனே முதலில் உள்ளே நுழைந்தான். கதவைச் சாத்திவிட்டுத்தான் வாயைத் திறந்தான்.

"இங்க ராஜா மரிச்சுப் போனா, மரிச்சாருன்னு சொல்ல மாட்டாவ சாரே. அந்த வார்த்தையே அவியளுக்குக் கிடையாது. நாடு நீங்கினாருன்னுதான் சொல்லுவாவ. மின்ன இருந்த பொன்னுதம்புரான் போனப்ப, கறுத்த கரை போட்டு நோட்டீசு அடிச்சோம். அந்த வார்த்தைய நான் இந்தக் கையாலதான் கோத்தேன்."

குற்றாலலிங்கம் தம் வரியை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். செத்தும் எங்கள் நெஞ்சை விட்டுப் போகாத ராஜாவே! உயிரோடு ஊர் திரும்பி, சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிற ராஜாவின் முகத்துக்கு நேரே, மாலை போட்டு, கைகட்டி நின்று வாசிக்க வேண்டிய வரி.  சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கோக்கும்போதே சொல்லியிருக்கக் கூடாதாவே?"

"எழுத்த தலகீழா ஒண்ணொண்ணாப் பாத்துல்லா கோக்கோம். அர்த்தம் ஆரு பாக்கா? இன்னைக்குக் காலத்த கயித்துல காயப் போட்ட தாள எடுக்கும்போதுதான் கண்ணுல பட்டுது. எனக்கும் இதுல பங்கு உண்டு சாரே, நான் இல்லேன்னு சொல்லல்ல."

"தெரிஞ்சா என்ன செய்வாங்க?"

சுவாமிதாஸ் குரலைத் தாழ்த்தினான். "போன வருசம் சாலையில ஒரு கடைக்காரரு, பொன்னுதம்புரான் படம் போட்ட காலண்டர் தாளுல புளி பொதிஞ்சு குடுத்தாரு. அறியாமச் செஞ்சதுதான். போலீசு கொண்டு போச்சு. திரும்பி வந்த ஆளு இப்பவும் நேரா நிமுந்து நடக்க மாட்டாரு. இது படமில்ல சாரே, வாய்ச்சொல்லு. அதுவும் நீங்க அக்கரை நாட்டு ஆளு. ஆரியங்காவு எல்லை தாண்டி விட்டுட்டு வந்தா உங்க பாக்கியம்."

அடுக்களை வாசலில் மங்கலம் நிற்பதை அப்போதுதான் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். வயிற்றின்மேல் கையை வைத்தபடி நின்றாள். 

நல்ல வேளை, சுவாமிதாஸுக்குக் கையும் ஓடியது, மூளையும் ஓடியது. அச்சடித்த தாள்கள் எல்லாம் இன்னும் பிரஸ்ஸிலேயே இருக்கின்றன. அவற்றை எரித்துவிடலாம். அந்த ஒரு வரியை மட்டும் மாற்றிக் கோத்து மறுபடி அடிக்கலாம். தொல்லை ஒன்றே ஒன்றுதான். திரவியம் பிள்ளை நேற்றுச் சாயங்காலமே ஒரு தாளை வாங்கிக் கொட்டாரம் ஆபீசுக்கு அனுப்பிவிட்டார். ராஜா முன்னால் வாசிப்பது எதுவானாலும் அரண்மனை ஆட்கள் முதலில் பார்த்துச் சம்மதம் தர வேண்டும். அந்தத் தாளை எப்படியாவது திருப்பி வாங்கியாக வேண்டும்.

இருவரும் பிரஸ்ஸுக்கு ஓடினார்கள். அங்கே போய் நின்றால், மாற்று வரி குற்றாலலிங்கத்துக்கு வரவே இல்லை. போனீர் என்று எழுதலாமா? போனது என்றாலும் சாவுதான். பிரிந்தீர்? அதுவும் அப்படித்தான். மறைந்தீர், அகன்றீர், ஏகினீர்… தமிழில் உள்ள வார்த்தை ஒவ்வொன்றும் பிணம் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி அவருக்குத் தோன்றியது. கடைசியில் சுவாமிதாஸ்தான், "வடதிசை எழுந்தருளியும்னு போடுங்க, போதும்" என்றான். ஐந்து நிமிஷத்தில் கோத்து, ஒரு தாள் இழுத்து, ஈரத்தோடு கையில் கொடுத்தான்.

"பழைய தாளுல மை பரவிப்போச்சு, நல்ல தாள் இதுன்னு சொல்லி மாத்தி வாங்கிருங்க. வேற ஒரு வார்த்தை பேசண்டாம். சட்டைய வாசல்ல கழத்தணும். மேல்துணிய இடுப்புல கெட்டணும். பேசும்போது வாய்க்கு மின்ன கை இருக்கணும். நான்னு சொல்லப்பிடாது, அடியேன். வீட்ட வீடுன்னு சொல்லப்பிடாது, குப்பமாடம். சோறு உண்டேன்னு சொல்லப்பிடாது, கரிக்காடி குடிச்சேன்னு சொல்லணும். வரும்போது முதுகு காட்டப்பிடாது சாரே, பின்னாலயே நடக்கணும்."

இலக்கணத்தைக் கரைத்துக் குடித்த மனுஷன், எழுத்துக் கோக்கிறவனிடம் நின்று பேச்சுப் பழகினார். குப்பமாடம், கரிக்காடி, அடியேன் என்று முணுமுணுத்துக்கொண்டே கிழக்கேகோட்டை வாசலைத் தாண்டி நடந்தார்.

கொட்டாரம் ஆபீஸ் கூடம் நீளமானது, உள்ளே வெயில் வரவில்லை. நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ராஜா நின்றார். படம்தான். ஆள் உயரத்தைவிடப் பெரிய எண்ணெய்ச் சாயப் படம், சந்தன மாலை, கீழே நிலவிளக்கு. உள்ளே வந்தவன் ஒவ்வொருவனும் முதலில் படத்தைத் தொழுதுவிட்டுத்தான் நகர்ந்தான். குற்றாலலிங்கமும் தொழுதார். நிமிர்ந்தபோது படத்துக் கண்கள் அவரையே பார்த்தன. இடப்பக்கம் நகர்ந்தார், பார்த்தன. வலப்பக்கம் நகர்ந்தார், அப்போதும் பார்த்தன. ராஜாவே நேரில் வந்திருந்தால்கூட இப்படிப் பயந்திருக்க மாட்டார்.

படத்துக்குக் கீழே மேஜை போட்டுக் காரியக்காரர் உட்கார்ந்திருந்தார். அரண்மனைக் காரியம் பார்க்கும் பெரிய அதிகாரி. வெளுத்த பெரிய உடம்பு, வெற்றிலை போட்ட வாய். அவர் யாரையும் வா என்று கூப்பிடவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சுண்டுவிரல் மடங்கினால் ஒருவன் போனான். நிமிர்ந்தால் அடுத்தவன் வந்தான். அரைமணி நேரம் நின்ற பிறகு விரல் குற்றாலலிங்கத்தின் பக்கம் நிமிர்ந்தது.

"ஆரு?"

"அடியேன் குற்றாலலிங்கம். தமிழ் முன்ஷி. வியாபாரிகள் சங்கத்துப் பத்திரம்…"

"நீரோ எழுதியது?" மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தார் காரியக்காரர். பழைய தாள்! பித்தளைக் குண்டுக்கு அடியில் அது தனியாகத்தான் இருந்தது. மற்ற மனுக்களெல்லாம் ஒரு கட்டாகக் கிடக்க, இதை மட்டும் ஏன் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்?

"அடியேன். அதுல மை பரவிப்போச்சு. நல்ல தாள் ஒண்ணு…" என்று குற்றாலலிங்கம் புதுத் தாளை நீட்டினார்.

சுண்டுவிரல் மேஜை ஓரத்தைக் காட்டியது. "அது அவிடெ இருக்கட்டே." பழைய தாளைக் குற்றாலலிங்கத்தின் பக்கம் தள்ளினார். "இது வாயிக்கூ. உறக்கெ."

உரக்க வாசிக்க வேண்டுமாம். இந்தத் தாளையே. ராஜா படத்துக்கு முன்னால் நின்று.  தெரிந்துவிட்டது, இவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது! தெரிந்துகொண்டுதான் நல்ல தாளைத் தொடமாட்டேன் என்கிறார். என் வாயாலேயே அந்தச் சொல்லைச் சொல்லவைத்து, சுற்றி நிற்கிற இத்தனை பேரையும் சாட்சியாக்கப் பார்க்கிறார். குற்றாலலிங்கத்தின் மனசு இப்படித்தான் ஓடியது.

வாசிக்கத் தொடங்கினார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. காரியக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தலையை லேசாக ஆட்டிக் கேட்டார். அது பாம்பு அசைகிற மாதிரி இவருக்குத் தெரிந்தது. மூன்றாவது வரி முடிந்தது. நாலாவது வரியில் கண் போய் நின்றது, வாசிப்பும் நின்றது. கூடத்தில் யாரோ இருமினார்கள். படத்துக் கண்கள் பார்த்தன.

காரியக்காரர் கண்ணைத் திறந்தார். "எந்தா நிறுத்தியது?"

"அடியேன்… அது அடியேன் எழுதினது இல்ல."

"எது?"

"அந்த வரி. பிரஸ்ஸுல… பிரஸ்ஸுல கோத்தவன் மாத்திப்புட்டான். அடியேன் எழுதினது எழுந்தருளியும்னுதான். புதுத் தாளுல சரியா இருக்கு, பார்க்கணும்."

"எந்து மாத்தி? சொல்லூ."

அந்தச் சொல்லைச் சொன்னால்தான் குற்றம். சொல்லாவிட்டால் விட மாட்டார். குற்றாலலிங்கம் கையால் வாயை மறைத்துக்கொண்டு, ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் மூச்சு விட்டு, "நா… டு… நீ… ங்… கி…" என்றார். தனித்தனி எழுத்து குற்றம் ஆகாது என்று அந்த நேரத்தில் ஒரு புத்தி.

எழுத்துகள் காரியக்காரரின் தலைக்குள் ஒன்றுசேர இரண்டு நொடி ஆனது. சேர்ந்ததும் அவர் எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. திரும்பிப் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கூடத்தில் நின்றவர்கள் எல்லாம், என்ன ஏது என்று தெரியாமலே, தாங்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"எனக்குத் தமிழ் கேட்டா மனசிலாகும், எழுத்து அறியில்ல" என்றார் காரியக்காரர். அவர் குரலும் நடுங்கியது. "தமிழ் வாயிக்கிற எழுத்துக்காரன் இன்னு லீவு. அதல்லோ உம்மெ வாயிக்கச் சொன்னது! இது நாளெ திருமுன்பில் வாயிச்சிருந்தா என் தலை எவிடெ இருக்கும்?"

அட பாவி மனுஷா! காரியக்காரருக்குத் தமிழ் எழுத்து தலைகீழாகப் பிடித்தாலும் நேராகப் பிடித்தாலும் ஒன்றுதான். அந்த இடத்தில் எழுந்தருளியும் என்று வாயால் சொல்லிவிட்டுப் போயிருந்தால், அவர் தலையை ஆட்டிச் சம்மதம் கொடுத்திருப்பார், கதை முடிந்திருக்கும். குற்றாலலிங்கத்துக்கும் அது அப்போதுதான் உறைத்தது. உறைத்து என்ன பிரயோஜனம்? வாயிலிருந்து வந்தது வந்துவிட்டது.

"கோத்தவன்றெ பேரு?"

குற்றாலலிங்கத்துக்குக் கண்ணுக்கு முன்னால் மங்கலத்தின் வயிறு வந்து நின்றது. அண்ணன்மார் வந்தார்கள். நிமிர்ந்து நடக்க முடியாத அந்தப் புளிக் கடைக்காரர் வந்தார். பேர் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"சுவாமிதாஸ்" என்றார். "விளவங்கோட்டுக்காரன்."

"கிறிஸ்தியானி!" என்று காரியக்காரர் இழுத்தார். அந்த ஒரு சொல்லிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது போல அவர் முகம் தெளிந்தது. ஒருவன் ஓடிவந்து நாற்காலியை நிமிர்த்திவைத்தான். பழைய தாளை வாங்கி மடித்துத் தம் இடுப்பிலேயே செருகிக்கொண்டு, காரியக்காரர் உட்கார்ந்தார். "நீர் எழுதிய கையெழுத்துப் பிரதி பிரஸ்ஸில் காணுமல்லோ. நாளெக் காலத்து போலீசு போய் அது எடுக்கும். பிழை ஆருடெ கையில்னு அப்போள் அறியாம்." சுண்டுவிரல் மடங்கியது.

பின்னாலேயே நடந்து வெளியே வந்தார் குற்றாலலிங்கம். வாசற்படியில் தடுமாறி விழப் பார்த்தார். சட்டையை மாட்டினாரா, கையில் பிடித்தாரா, அவருக்கே தெரியாது. கையெழுத்துப் பிரதி! அவருடைய குண்டு குண்டான எழுத்தில், நாலாவது வரிக்குக் கீழே அவரே பெருமையாக ஒரு கோடு போட்டுக் கொடுத்திருந்தார். அது போலீஸ் கையில் கிடைத்தால் முதல் குற்றத்தோடு பொய் சொன்ன குற்றமும் சேர்ந்துவிடும். எப்படியாவது அதைக் கைப்பற்ற வேண்டும். என்ன சொல்லிக் கேட்பது? ஒரு பிழை பார்க்க வேண்டும் என்று கேட்கலாம். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கலாம். வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போகிற முன்ஷியைச் சாலையில் நாலு பேர் கும்பிட்டார்கள். அவர் பார்க்கவில்லை.

பிரஸ்ஸுக்குப் பின்புறம் கிணற்றடியில் சுவாமிதாஸ் குந்தியிருந்தான். எதிரே ஒரு சாம்பல் குவியல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. இவரைக் கண்டதும் எழுந்து ஓடிவந்தான். புகையில் கண்கள் சிவந்திருந்தன.

"என்னாச்சு சாரே? வாங்கினியளா?"

 "சுவாமிதாஸ், நான் எழுதிக் குடுத்த பிரதி எங்கவே? கையெழுத்துப் பிரதி?"

"அதத்தான் மொதல்ல தீயில போட்டேன்" என்றான் சுவாமிதாஸ். "அச்சடிச்சதெல்லாம் பெறவுதான். அதுல உங்க எழுத்துல்லா இருக்கு. நாளைக்கு ஒரு கேள்வின்னு வந்தா உங்க தலையிலதான விடியும்? வீட்டுல அம்மைக்கு வேற மாசம் ஆயிருக்கு. ஒரு துண்டு மிச்சமில்ல சாரே, கம்பை விட்டுக் கிண்டிப் பாத்துட்டேன்."

உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். குற்றாலலிங்கத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்பாடா என்று நெஞ்சுக்குள் ஒரு காற்று இறங்கியது. இனி எந்தப் போலீஸ் வந்தாலும் அவருடைய எழுத்து என்று காட்ட உலகத்தில் ஒரு தாள் கிடையாது. அதற்குப் பிறகுதான் அவர் சுவாமிதாஸின் முகத்தைப் பார்த்தார். நான் கோத்தது மூலத்தில் இருந்தபடிதான் என்று நாளைக் காலையில் இந்த மனுஷன் எதைக் காட்டிச் சொல்வான்? சொல்லிவிட வேண்டும். இப்போதே சொல்லி, இன்றைக்கே எங்கேயாவது ஓடிப்போ என்று அனுப்பிவிட வேண்டும். சொன்னால் இவன் சும்மா போவானா? நேரே திரவியம் பிள்ளையிடம் போய் உண்மையைச் சொல்லிவிட்டால்? 

"பேசுங்க சாரே. காரியக்காரரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் இல்ல" என்றார் குற்றாலலிங்கம். "எல்லாம் சரியாப் போச்சு."

சுவாமிதாஸ் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். "கர்த்தாவே, ஸ்தோத்திரம்!" என்றான். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவனிடமிருந்து வந்தது. மைக் கையால் கண்ணைத் துடைத்ததில் முகமெல்லாம் கறுப்பாகிப்போனது.

"ஒரு காரியம் சொல்லணும், தப்பா எடுக்கப்பிடாது" என்றான். "நீங்க அங்க போயிருந்த நேரம், பயத்துல எனக்கு ஒரு கெட்ட நெனப்பு வந்துது. சாரு பயந்துபோயி என் பேரச் சொல்லிருவாரோன்னு. ஒரு நிமிசம்தான். படிச்ச மனுசனப் பத்தி அப்படி நெனச்சுட்டனேன்னு பெறவு எனக்கே வெக்கமாப் போச்சு. என்ன மன்னிக்கணும் சாரே."

"சே, சே, என்ன பேச்சு இது" என்றார் குற்றாலலிங்கம்.